வெட்டு நாள்

கார்த்திகைக் கடைசி வாரத்தில், கிழக்கே மேகமலைப் பக்கம் வெளுக்கத் தொடங்கும்போதே எங்கள் தோட்டத்தில் கத்திரிச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். ஆளுக்கு ஒரு கத்திரி. நேற்றுவரை இலை மூடிக் கிடந்த பந்தலில் வரிசை வரிசையாக வானம் தெரியும். பொழுது சாய்வதற்குள் கல்தூணும் கம்பியும் பழுப்புக் கொடிகளும் மட்டும் மிஞ்சும். புதிதாகப் பார்க்கிறவர்களுக்குத் தோட்டம் பட்டுப்போன மாதிரி இருக்கும். எனக்கு அன்றைக்குத்தான் வருடப் பிறப்பு.

கவாத்து முடிந்து தண்ணீர் கட்டிய மறுநாள் காலையில் பந்தலுக்கு அடியில் நின்றால் தலையில் சொட்டும். மழையும் கிடையாது, பனியும் கிடையாது. வெட்டிய ஒவ்வொரு முனையிலும் ஒரு துளி திரண்டு, கனம் தாங்காமல் விழும். வேர் இழுத்த நீருக்குப் போக இலை இல்லை. வெட்டுவாய் வழியே வந்துவிடுகிறது. அப்பத்தா இருந்தவரை, "கொடி அழுதிருச்சாப்பா?" என்றுதான் முதலில் கேட்பாள். அழுதிருச்சு என்று சொன்னால் நிம்மதியாக வெற்றிலைப் பையை எடுப்பாள். அழாத கொடிக்கு வேரில் ஏதோ கோளாறு. அந்தக் கொடியின் தூணில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு வருவது என் பழக்கம்.

திராட்சை குளிர்நாட்டுக் கொடி. ஐரோப்பாவில் குளிர் இறங்கியதும் இலையை உதிர்த்துவிட்டு மாதக்கணக்கில் தூங்கும். வசந்தம் வந்ததும் தானாக விழிக்கும். எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் அதற்குத் தூக்கமே வருவதில்லை. பச்சை மாறாமல் படர்ந்துகொண்டே இருக்கும். கத்திரி வைத்து, இலையை எல்லாம் இறக்கி, நாம்தான் அதற்கு ஒரு குளிர்காலத்தை உண்டாக்கிக் கொடுக்கவேண்டும். வெட்டிய நாளிலிருந்து எண்ணினால் 110, 120 நாளில் பழம். எந்த மாதம் வெட்டினாலும் காய்க்கும். அதனால்தான் வருடம் முழுக்க இங்கே ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் இறங்கிக்கொண்டே இருக்கிறது. நாசிக் பக்கம் ஏப்ரலில் ஒரு கவாத்து, அக்டோபர் வாக்கில் ஒரு கவாத்து. இரண்டுக்கும் சேர்த்து ஒரே மகசூல். எங்களுக்கு வெட்டுக்கு வெட்டு மகசூல். ஊரில் இதைப் பெருமையாகச் சொல்வோம். இருபத்தாறு வருடம் இந்தப் பந்தலுக்கு அடியில் நின்றுவிட்ட எனக்கு, பெருமையைவிடப் பயம்தான் இதில் அதிகம். கொடியை எப்போது எழுப்புவது என்பது நம் கையில். எவ்வளவு நாள் உறங்க விடுவது என்பதும் நம் கையில்தான்.

எங்களுக்கு ஒன்றரை ஏக்கர். சுருளி அருவிக்குப் போகிற பாதையிலிருந்து உள்ளே தள்ளி, செம்மண் காடு. கொடிக்குக் கொடி ஆறரை அடி, வரிசைக்கு வரிசை பத்தடி. ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான கொடிகள். எல்லாம் பன்னீர் திராட்சை. மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் புத்தகப் பெயர். பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்தது என்பது வழிவழியாக வருகிற பேச்சு. மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா என்ற பழைய ரகத்துக்குப் பிறந்த பிள்ளை இது; அந்த மணம் அங்கிருந்து வந்தது. ரோஜாவின் வாசனையில் இருக்கிற ஜெரானியால் என்ற பொருள் இந்தப் பழத்திலும் இருக்கிறது. அது தெரியாமலேயே யாரோ ஒருவர் முகர்ந்து பார்த்துப் 'பன்னீர்' என்று பெயர் வைத்திருக்கிறாரே, அந்த மூக்கை நினைத்து எனக்கு எப்போதும் வியப்பு. 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அன்றைக்கு எங்கள் ஊர் டீக்கடையில் சந்தோஷப்படாத ஆள் இல்லை.

கவாத்து என்றால் சும்மா முடி வெட்டுவது மாதிரி அல்ல. ஒவ்வொரு கிளையையும் கையில் பிடித்துப் பார்க்கவேண்டும். பென்சில் கனத்தில், பழுப்பேறி முற்றியிருந்தால் நாலு கண் அல்லது ஐந்து கண் விட்டு வெட்டு. சோனியாக இருந்தால் இரண்டே கண். அது இந்தமுறை காய்க்கவேண்டாம், அடுத்த தடவைக்குக் கிளை கொடுத்தால் போதும். "தம்பி, இது நாலா அஞ்சா?" என்று ஆட்கள் முதல் அரைமணி நேரம் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அப்புறம் கேட்கமாட்டார்கள். அவர்கள் கைக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அந்தக் கண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பதை நான் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். இன்றைக்கு வெட்டி, ஒன்றரை மாதத்தில் பூக்கப்போகிற குலை இன்றைக்கு உண்டாவதில்லை. போன பருவத்திலேயே, கிளை பச்சையாக இருந்தபோதே, அந்தக் கண்ணுக்குள் கரு கட்டிவிடுகிறது. அப்போது அந்தக் கிளைமேல் வெயில் பட்டிருக்கவேண்டும், கொடிக்குத் தெம்பு இருந்திருக்கவேண்டும். இலை மேல் இலை ஏறி இருட்டிக் கிடந்த கிளையின் கண்ணில் குலைக்குப் பதிலாக வெறும் சுருள்கம்பிதான் வரும். ஆக, பழம் கனத்துத் தொங்குகிறதே என்று மகிழ்ந்திருக்கிற அதே நாட்களில் அடுத்த மகசூலைக் கெடுத்துக்கொண்டிருக்க முடியும். அப்பா காலத்தில் இரண்டு வருடத்தில் ஐந்து மகசூல் எடுத்தோம். பழம் இறங்கி இருபது நாளில் மறு கத்திரி. குலை வருடத்துக்கு வருடம் சிறுத்தது. உரத்தைக் கூட்டினோம். உரக்கடைக்காரர் சொன்ன சத்து மருந்துகளையெல்லாம் ஊற்றினோம். கொடிக்குப் பசி இல்லை, அசதி என்பது யாருக்கும் தோன்றவில்லை.

வெட்டிய பத்துப் பன்னிரண்டு நாளில் கண் முழிக்கும். பஞ்சு போன்ற ரோமத்துக்குள்ளிருந்து இளஞ்சிவப்பு ஓரத்தோடு ஓர் இலை. இந்தச் சமயத்தில் சின்ன வண்டுகள் இரவில் வந்து கண்ணைக் கடித்துவிட்டுப் போகும். கடிபட்ட கண் அவ்வளவுதான். அதனால் டார்ச் விளக்கோடு இரண்டு வாரம் இரவுக் காவல். மார்கழிப் பனியில், பஜனை ஊர்வலம் ஊருக்குள் கிளம்புகிற நேரத்தில்தான் நான் வீட்டுக்குத் திரும்புவேன்.

கிளை நீளும்போதே மருந்தடிப்பும் தொடங்கிவிடும். அடிச்சாம்பலுக்குப் போர்டோ கலவை. இத்தனை புது மருந்து வந்தும் இதை நான் விடவில்லை. ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். துத்தத்தை ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் ஐம்பது லிட்டரில் கரைக்கவேண்டும்; இரும்புப் பாத்திரம் கூடாது. சுண்ணாம்பை இன்னொன்றில் ஐம்பது லிட்டரில் நீற்றி வடிகட்டவேண்டும். பிறகு துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் மெல்ல ஊற்றிக்கொண்டே மரக்கட்டையால் கிண்டினால், மத்தியான வானத்தின் நீலம் ஒன்று டிரம்முக்குள் வரும். உடனே அடித்துவிடக் கூடாது. தேய்த்துப் பளபளவென்று வைத்த அரிவாளைக் கொஞ்ச நேரம் அதில் அமுக்கி எடுக்கவேண்டும். அலகில் செம்பு நிறம் படிந்திருந்தால் துத்தம் மிஞ்சி நிற்கிறது, இலையைப் பொசுக்கிவிடும். இன்னும் சுண்ணாம்புப் பால் சேர்க்கவேண்டும். அரிவாள் போனபடியே வந்தால் சரி. அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் தோட்ட வேலை இதுதான். அப்போது எனக்குப் பத்து வயது. அரிவாளை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "வெள்ளையாத்தான்பா இருக்கு" என்று சொல்லும்போது முழுத் தோட்டமும் என் பேச்சைக் கேட்டு நிற்கிற மாதிரி இருக்கும்.

இந்தக் கலவையின் கதையும் எனக்குப் பிடிக்கும். 1880-களில் பிரான்ஸில் போர்டோ பக்கம், பாதையோரத் திராட்சையை வழிப்போக்கர் பறித்துத் தின்னாமல் இருக்கத் துத்தமும் சுண்ணாம்பும் தெளித்து வைத்திருந்தார்களாம். அந்த வரிசையில் மட்டும் நோய் விழாமல் இலை நின்றதைப் பியர் மில்லார்டே என்ற பேராசிரியர் கவனித்தார். 1885-ல் அதை எழுதி வெளியிட்டார். ஒன்று சொல்லவேண்டும்: இந்த மருந்து பட்ட தோட்டத்தில் செம்மறி ஆட்டை விடக்கூடாது. செம்பு அதற்கு ஆகாது, ஈரலில் தங்கிக் கொன்றுவிடும். கவாத்துத் தழை கேட்டுக் கீதாரிகள் வருவார்கள். பசித்த ஆட்டைப் பார்த்துக்கொண்டே இல்லை என்று சொல்லி அனுப்புவது கஷ்டமான காரியம். என்றாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

தையில் பூ. திராட்சைப் பூவைப் பார்த்தவர்கள் குறைவு, ஏனென்றால் பூ மாதிரியே இருக்காது. கடுகைவிடச் சற்றுப் பெரிய பச்சை மொட்டு. மற்ற பூக்கள் இதழ் விரிக்கும். இது இதழ்களை ஒரு குல்லாய் மாதிரி அடியோடு கழற்றி எறிந்துவிடும். உள்ளே ஐந்து மகரந்தத் தண்டு, நடுவில் பிஞ்சு. காலையில் குலையைத் தொட்டால் அந்தக் குல்லாய்கள் உள்ளங்கையில் உதிரும். தோட்டம் முழுக்க மெல்லிய இனிப்பு வாசனை. அந்த ஒரு வாரம் பெரிய காற்று வேண்டாம், தூறல் வேண்டாம் என்று வேண்டிக்கொள்வோம். பிஞ்சு பிடிப்பது முழுக்க அந்த வாரத்தில்தான்.

பட்டாணி அளவுக்குக் காய் வந்ததும் தோட்டம் பெண்கள் கைக்குப் போய்விடும். சுருள்கம்பி கிள்ளுவது, கிளையைப் பிரித்துக் கம்பியில் கட்டுவது, குலையை இலைக்குள்ளிருந்து எடுத்துத் தொங்கவிடுவது, நெருக்கமான குலையில் காயைக் கழிப்பது. மூக்குக் கத்திரியைக் குலைக்குள் விட்டு, பக்கத்துக் காயில் நுனி படாமல், ஐந்தில் ஒரு பங்கு காயை உதிர்க்கவேண்டும். தேவையில்லாததை எடுப்பது சுலபம். நல்ல காயையும் எடுக்க மனம் வரவேண்டும். புதிதாக வருகிற பெண்பிள்ளைகள் கை நடுங்கும். "பாவம்னு பாக்காதடி, நெருக்கினா எல்லாமே அழுகும்" என்பார் பெண்களை வேலைக்குக் கூட்டிவருகிற எங்கள் கொத்து மதினி. பந்தல் ஆறடி உயரம். காலை எட்டு மணியிலிருந்து கைகளைத் தலைக்கு மேலே தூக்கியபடி வேலை. பத்து நாள் முடியும்போது தோள் மூட்டு இறங்கிவிடும். ராத்திரி படுத்தால் கழுத்தைத் திருப்ப முடியாது. என் மனைவி முதல் பருவத்தில் அழுதே விட்டாள். அந்த வேலைக்கு ஆண்களைவிடக் கூலி குறைவாகக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பத்து வருடமாக நான் சமமாகக் கொடுக்கிறேன். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு இதில் என்மேல் வருத்தம் உண்டு. பழத்தின் தரம் அந்தத் தோள்களில் இருக்கிறது என்பதை அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

மாசிக் கடைசியில் நிறம் விழும். ஒரே குலையில் ஒரு காய் பச்சை, ஒன்று செந்நீலம், ஒன்று கறுப்பு. பன்னீர் ஒரேயடியாகப் பழுப்பதில்லை. வெட்டி வைத்தால் வாழைபோலப் பழுத்துக்கொள்ளும் பழமும் இது இல்லை. கொடியில் ஏறுகிற இனிப்புத்தான் இனிப்பு. வியாபாரிக்குப் பங்குனிப் பாதியிலேயே வேண்டும். நானோ இன்னும் எட்டு நாள் என்பேன். அந்த எட்டு நாளில்தான் புளிப்பு இறங்கி வாசனை ஏறுகிறது. அந்த எட்டு நாளில்தான் கிளியும் வௌவாலும் வருகின்றன, விலையும் மாறுகிறது. இரண்டுக்கும் நடுவில் நின்று ஒரு நாளைத் தேர்வது எனக்கு இன்றைக்கும் தூக்கம் கெடுக்கிற விஷயம்.

2020-ல் அந்த நாளை நான் தேரவேண்டியிருக்கவில்லை. மார்ச் கடைசியில் ஊரடங்கு. குமுளிப் பாதை அடைத்துக் கிடந்தது. எங்கள் பழத்தில் பெரும்பகுதி அந்த மலையேறித்தான் கேரளத்துக்குப் போகும். நெல் என்றால் அடித்துக் குதிரில் போடலாம். பன்னீர் தோல் மெல்லியது, சாறு மிகுந்தது, விதையுள்ளது. உலர்த்திக் காசாக்கவும் வராது, அறுத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கினால் பெரிது. வரச் சொன்ன வியாபாரியின் போன் அணைந்தே கிடந்தது. கொடுத்த முன்பணத்தைவிட்டு அவர் ஒதுங்கிக்கொண்டார். குலைகள் கொடியிலேயே சுருங்கின. நானும் என் மனைவியும் தம்பியும் முடிந்தவரை அறுத்து, வண்டியில் ஏற்றித் தெருத்தெருவாக வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தோம். மிச்சத்தைக் கீழே உதிர்த்து மண்ணோடு உழுதோம். பழம் புளித்த வாசனை ஒரு மாதம் தோட்டத்தைவிட்டுப் போகவில்லை.

அந்த நஷ்டத்தை ஈடுகட்டத்தான் அதற்கு மறு வருடம் நான் ஒரு தப்புச் செய்தேன். கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்குப் போகிற வண்டிகளில் பல தேனி, கம்பம் வழியாகத்தான் போகும். பாதை நெடுகத் திராட்சைக் கடைகள். அந்த இரண்டு மாத விலை மற்ற மாதங்களில் கிடைக்காது. ஆவணியில் வெட்டினால் மார்கழிக்குப் பழம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். ஜூன் வெட்டின் பழத்தை அவசரமாக ஆகஸ்டிலேயே காயும் கனியுமாகக் கழித்துவிட்டு, ஓய்வே இல்லாமல் கத்திரி வைத்தேன். கண் பாதிதான் முழித்தது. வந்த குலையும் சின்னது. ஐப்பசி முழுக்க வடகிழக்கு மழை. நாலு நாள் மருந்தடிக்க முடியாமல் போனதில் இலையின் அடியில் வெள்ளைப் பூசணம் விரிந்தது. நிறம் விழுந்த வாரத்தில் இரவெல்லாம் மழை கொட்டியது. காலையில் போய்ப் பார்த்தால் பழங்கள் காம்போரம் வெடித்து நின்றன. வேர் குடித்த தண்ணீரைத் தோல் தாங்கவில்லை. வெடித்த வாயில் ஈயும் தேனீயும் மொய்த்தன. வண்டிகள் பாதையில் போய்க்கொண்டே இருந்தன, சரணம் போடுகிற சத்தம் தோட்டம்வரை கேட்டது. எங்களிடம் கொடுக்க ஒரு கூடைப் பழம் தேறவில்லை.

அந்தத் தையில் மறுபடி வெட்டியபோது, அழாத கொடிகளுக்காகக் கட்டிய சிவப்புத் துணி அறுபதைத் தாண்டிவிட்டது. எண்ணிக்கொண்டே போய் நாற்பதாவது தூணில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா பக்கத்தில் வந்து நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். "நானும் இதத்தான் செஞ்சேன்" என்றார்.

அதற்குப்பிறகு வருடத்துக்கு இரண்டே மகசூல். கார்த்திகைக் கடைசியில் ஒரு வெட்டு, பங்குனிக் கடைசியில் பழம். வைகாசிக் கடைசியில் ஒரு வெட்டு, மேற்கிலிருந்து சாரலும் காற்றும் கணவாய் தாண்டி வருகிற ஆனி ஆடியைத் தாண்டினால் புரட்டாசியில், பெருமழைக்கு முன்னால் பழம். பங்குனிப் பழத்துக்கு நாசிக் பழம் போட்டி, அதன் பின்னாலேயே மாம்பழம், விலை சுமார்தான். புரட்டாசிப் பழம் கைகொடுக்கும். இரண்டுக்கும் நடுவில் இரண்டு இரண்டு மாதம் கொடி சும்மா இருக்கும். 'சும்மா' என்று ஊரார் சொல்கிறார்கள். அந்த மாதங்களில்தான் நான் அதிகம் தோட்டத்தில் இருக்கிறேன். காய் இல்லாத பந்தலுக்கு மருந்தடிக்கிறாயே, தண்ணீர் பாய்ச்சுகிறாயே, காசு என்ன கொட்டியா கிடக்கிறது என்று கேட்பார்கள். பழம் இறங்கிய கொடியின் இலைக்கு அப்போதுதான் தனக்கென்று வேலை செய்ய நேரம் கிடைக்கிறது. அது காய்ச்சுகிற சர்க்கரை குலைக்குப் போகவேண்டாம். தண்டுக்கும் வேருக்கும் போய்ச் சேமிப்பாகிறது. நோய் விழுந்து இலை உதிர்ந்துவிட்டால் அந்தச் சேமிப்பு நின்றுவிடும். பச்சைக் கிளை மெல்ல மெல்லப் பழுப்பேறி, நகத்தால் கீறினால் உள்ளே வரியோடிய கட்டையாக முற்றுவதை விரலால் தடவிப் பார்ப்பேன். ஐந்து மகசூல் எடுத்த காலத்தில் அப்படி ஒரு கிளையை நான் முற்ற விட்டதே இல்லை.

செத்துப்போன கொடிகளின் இடத்தில் புதுக் குச்சி வைத்தோம். பழைய தோட்டத்தில் மிச்சமிருந்த அப்பத்தா காலத்துக் கொடி ஒன்றிலிருந்து, நாலு கண்ணுள்ள முற்றிய குச்சிகளாக வெட்டி நாற்றுவிட்டேன். இந்த வருடம் அவை பந்தல் ஏறிவிட்டன.

நேற்று அரிவாளும் கத்திரிகளும் சாணைக்குப் போய்வந்தன. பதினைந்து நாளாகத் தண்ணீரை நிறுத்தியிருக்கிறேன். இலை ஓரம் லேசாக மஞ்சளடித்திருக்கிறது. வானிலைச் செய்தியில் இன்னும் ஒரு மழை இருக்கிறது என்றார்கள். சாயங்காலம் மதினி வீட்டுக்குப் போய், புதன்கிழமை வெட்டு என்று சொன்னேன்.

"மழை இருக்குன்னாங்களே தம்பி?"

"அதான் புதன். இல்லைன்னா நாளைக்கேன்னு சொல்லியிருப்பேன்."

மதினி விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். "அப்ப பொங்கல் கழிச்சு நாங்க எட்டு பேரு கட்டுக்கு வந்துர்றோம். மூக்குக் கத்திரி ரெண்டு புதுசா வாங்கி வையி. போன தடவ என்னோடது பல்லு போயிருச்சு."